அத்தை மகளும் சித்தப்பா மகளும்: பண்பாடு நமக்குள் நுழையும் வழி

கேள்வி இது: “மூளை எல்லா மனிதருக்கும் ஒன்றுதானே? பசி, பயம், கோபம், ஆசை எல்லாம் பொதுதானே? அப்படியிருக்க, பண்பாடு மனிதரின் சிந்தனையையே உருவாக்குகிறது என்பது மிகையில்லையா? உடை, உணவு, பண்டிகை என்ற மேல்பூச்சைத் தாண்டி அது உள்ளே எவ்வளவு தூரம் போகிறது? போய்விட்டால் அதிலிருந்து வெளியே வர முடியுமா?”

நான் உளவியல் கற்பிப்பவன். ஏதாவதொரு வடிவில் ஆண்டுதோறும் மாணவர்கள் கேட்கும் கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். பண்பாடு மிக ஆழமாகப் போகிறது. எதைக் கவனிக்கிறோம், எப்படி நினைவில் வைக்கிறோம், எதைக் கண்டால் வயிறு புரட்டுகிறது என்பது வரைக்கும் போகிறது. ஆனால் அது உபதேசத்தின் வழியாகவோ பெருமைப் பேச்சின் வழியாகவோ போவது குறைவு. தினமும் கையாலும் வாயாலும் செய்யும் சின்னச் சின்னக் காரியங்கள் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதனால்தான் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. காரியங்களை மாற்றினால் அதுவும் மாறுவது அதனால்தான்.

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். ஒருவருக்கு ஓர் அத்தை மகள், ஒரு சித்தப்பா மகள். இரத்த உறவின் கணக்கில் இருவருக்கும் துளியும் வித்தியாசமில்லை. இருவருமே அப்பாவின் உடன்பிறந்தவர் பெற்ற பிள்ளைகள். இருவரோடும் அவர் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்கிறார். திருமணம் செய்தால் பிறக்கும் குழந்தைக்கு மரபு நோய் வரும் ஆபத்தும் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான சமூகங்களில் அத்தை மகள் முறைப்பெண், சித்தப்பா மகள் தங்கை. முதலாமவளைப் பற்றிக் கேலி பேசினால் வீடே சிரிக்கும். இரண்டாமவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை வந்தால் வீடே அதிரும். “அது தவறு” என்று அறிவு சொல்வதற்கு முன்பே உடம்பு கூசிவிடுகிறது. மரபணுவுக்குத் தெரியாத ஒரு கோடு உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கோட்டை யார் போட்டார்கள்? யாரும் பாடம் நடத்தவில்லை. காதுகுத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாமன் சீர் வருகிறது. அத்தை வீட்டுக்குப் போனால் ஐந்து வயதுப் பையனை “வாங்க மாப்பிள்ளை” என்று பாட்டி வரவேற்கிறாள். சித்தப்பா வீட்டுக்குப் போனால் அந்த விளையாட்டு கிடையாது. அங்கே “தங்கச்சிக்கு விட்டுக்கொடு” என்பார்கள். சாவு வீட்டில் பங்காளிகள் மொட்டை போடுகிறார்கள், சம்பந்தி வகையறா கோடி போடுகிறார்கள். யார் எங்கே நிற்கிறார்கள், யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்பதை இப்படி நூறு தடவை பார்த்த பிள்ளைக்குப் பதினைந்து வயதில் எந்த விளக்கமும் தேவைப்படுவதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வளர்ந்தவர்களுக்கிடையே பருவ வயதில் ஈர்ப்பு எழாது என்று ஃபின்லாந்துக்காரரான எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891இல் எழுதினார். அந்தக் கருத்துக்கு ஆதாரங்களும் இருக்கின்றன. கூட்டுக்குடும்பத்தில் சித்தப்பா பிள்ளைகள்தானே சேர்ந்து வளர்கிறார்கள், அதனால் வந்த கூச்சம்தானே என்று கேட்கலாம். ஆனால் பம்பாயில் பிறந்து வளர்ந்து, இருபது வயதில் முதன்முறையாக ஊருக்கு வரும் சித்தப்பா மகளும் அந்த நொடியிலேயே தங்கைதான். பக்கத்து வீட்டிலேயே வளர்ந்து, ஒரே தட்டில் சாப்பிட்ட அத்தை மகனும் முறைமாப்பிள்ளைதான். சேர்ந்து வளர்வது மட்டும் காரணமாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

விந்திய மலைக்கு அப்பால் போனால் பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் மாமன் மகளும் சகோதரிதான். நம் வழக்கத்தைக் கேட்டு அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அரபு நாடுகளின் மரபிலோ அப்பாவின் உடன்பிறந்தான் மகளுக்குத்தான் முதல் உரிமை. நமக்குக் கூசும் அதே உறவு அங்கே விரும்பத்தக்க வரன். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சகோதரன் பிள்ளைகள், சகோதரி பிள்ளைகள் என்று பிரிக்காமல் எல்லோரையும் விலக்கப்பட்ட உறவில் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, “வழக்கம் அனுமதித்தால் செல்லும்” என்று ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் எத்தனையோ திருமணங்கள் அந்த விதிவிலக்கின்மேல்தான் நிற்கின்றன. அந்த வழக்கமும் இப்போது நம் கண்முன்னே தேய்ந்துவருகிறது. மாமன் சீர், முறைகாரர் கேலி எல்லாம் இல்லாமல் நகரத்து அடுக்குமாடிகளில் வளரும் பிள்ளைகள் பலருக்கு அத்தை மகனும் அண்ணன் போலத்தான் தோன்றுகிறான். பெரியவர்கள் வரன் பேச்சை எடுத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு வரும் கூச்சம் நடிப்பில்லை. ஒரு தலைமுறைக்குள் கோடு இடம் மாறிவிட்டது.

திருமணம் சமூக விஷயம், அதில் பண்பாடு கைவைப்பதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். சரி, மேசைமேல் வைத்த மூன்று பொம்மைகளை நினைவில் வைத்துக்கொள்வது? பண்பாட்டுக்கு அங்கே என்ன வேலை இருக்க முடியும்?

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில், கேப் யார்க் தீபகற்பத்தில், குகு யிமித்திர் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 1770இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் பழுதாகிக் கரை ஒதுங்கியபோது ‘கங்காரு’ என்ற பெயரை ஆங்கிலத்துக்குக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். இவர்களுடைய பேச்சில் நம்மைப் போல இடப்பக்கம், வலப்பக்கம் என்று பொருள்களின் இருப்பைச் சொல்லும் வழக்கம் இல்லை. எல்லாம் திசைதான். காலருகே எறும்பு ஊர்ந்தால்கூட, காலுக்கு வடக்கே எறும்பு என்றுதான் எச்சரிப்பார்கள். அங்கே ஒரு முதியவர், தன் இளமையில் படகு கவிழ்ந்து, சுறா இருந்த கடலில் நீந்திக் கரையேறிய கதையைச் சொல்வதை ஜான் ஹேவிலண்ட் என்ற மானிடவியலாளர் 1980இல் படம்பிடித்தார். 1982இல் அதே கதையை அவர் மறுபடி சொன்னபோது ஸ்டீவன் லெவின்சன் படம்பிடித்தார். முதல் தடவை முதியவர் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். படகு கவிழ்ந்த விதத்தைக் கையால் முன்பக்கமாக உருட்டிக் காட்டினார். இரண்டாம் தடவை வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்; இப்போது கை வலமிருந்து இடமாக உருண்டது. பார்க்கும் நமக்கு இரண்டும் வேறு வேறு சைகை. அவருக்கு ஒன்றுதான். இரண்டு தடவையும் படகு கிழக்கிலிருந்து மேற்காகக் கவிழ்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு விபத்து, திசை மாறாமல் அவருடைய நினைவில் இருந்திருக்கிறது.

எங்கோ ஒரு மூலையில் வாழும் மக்களின் அதிசயத் திறமை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். லெவின்சனின் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த எரிக் பெடர்சன் 1990களில் மதுரை வட்டாரத்துக்கு வந்து தமிழர்களிடம் இதைச் சோதித்தார். நம்மில் பலருக்குத் தெரியாத ஆய்வு இது. தெரிந்திருக்க வேண்டிய ஆய்வு.

சோதனை எளிமையானது. ஒரு மேசைமேல் மூன்று விலங்கு பொம்மைகளை வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி நிறுத்துவார்கள். “நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். பிறகு உங்களை அப்படியே பின்பக்கம் திருப்பி இன்னொரு மேசைக்கு அழைத்துப் போய், “அங்கே இருந்ததுபோலவே இங்கே வையுங்கள்” என்பார்கள். முதல் மேசையில் மாடு உங்கள் வலக்கைப் பக்கம் பார்த்து நின்றது. அது வடக்கு என்று வைத்துக்கொள்வோம். இப்போது நீங்கள் திரும்பிவிட்டீர்கள். மாட்டை மறுபடியும் உங்கள் வலக்கைப் பக்கம் பார்க்க வைத்தால் அது தெற்கே பார்க்கும். வடக்கே பார்க்க வைத்தால் அது உங்கள் இடக்கைப் பக்கம் பார்க்கும். எது “அதேபோல”? இரண்டுமே சரியான விடைகள். எந்த விடை யோசிக்காமல் வருகிறது என்பதுதான் சோதனை.

பேச்சில் இடம், வலம் என்று சொல்லிப் பழகியவர்கள், பெரும்பாலும் நகரத்தார், இடவல வரிசையைக் காப்பாற்றினார்கள். வடக்கே, கிழக்கே என்று சொல்லிப் பழகியவர்கள், பெரும்பாலும் கிராமத்தார், திசையைக் காப்பாற்றினார்கள். சோதனையின்போது யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை; கையால் பொம்மையை வைத்தால் போதும். இரு பிரிவினருக்கும் ஒரே தாய்மொழி. இடது, வலது என்ற சொற்கள் இருவருக்குமே தெரியும். அப்படியும் நினைவு இரண்டு விதமாகப் பதிந்திருக்கிறது.

கிராமத்து வாழ்க்கையை நெருங்கிப் பார்த்தால் காரணம் புரியும். அங்கே திசை நாள் முழுக்கப் புழங்குகிறது. “மாட்டை வடக்கே தள்ளிக் கட்டு”, “தெற்கு வரப்பில் மடையைத் திற”, “கிழக்கே பார்த்து உட்கார்” என்று பேச்சு ஓடுகிறது. ஊர் மேலத்தெரு, கீழத்தெரு என்று பிரிந்திருக்கிறது. வீட்டுக்குள்ளே அடுப்பு அக்கினி மூலையில், கனமான பொருள் கன்னி மூலையில், பூசைக்கு ஈசானி மூலை. வடக்கே தலைவைத்துப் படுக்கும் பிள்ளையைப் பாட்டி நள்ளிரவிலும் எழுப்பித் திருப்பிப் போடுவாள். இப்படி வளரும் பிள்ளை எந்த அறைக்குள் நுழைந்தாலும் வடக்கு எது என்ற கணக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றாட வேலை நடக்காது. நகரத்துப் பிள்ளைக்கு ஆட்டோக்காரரிடம் “லெஃப்ட், ரைட்” சொல்லத் தெரிந்தால் போதும். கீழமாசி வீதியும் வடக்குமாசி வீதியும் ஓடும் மதுரையிலேயே, தினமும் அந்த வீதிகளில் நடப்பவர்களில் பலருக்கு அவை வெறும் பெயர்களாகிவிட்டன.

இந்த ஆய்வுகளை எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. பெக்கி லியும் லைலா கிளெய்ட்மனும் 2002இல் அமெரிக்க மாணவர்களிடம் இதே சோதனையை நடத்தினார்கள். சன்னல் திரையைத் திறந்துவைத்தோ, மேசையில் கண்ணில் படும் ஓர் அடையாளத்தை வைத்தோ சூழலை மாற்றியபோது, இடவலக்காரர்களின் விடைகளும் நகர்ந்தன. எனவே காரணம் மொழிப் பழக்கமில்லை, சுற்றுப்புறம்தான் என்று வாதிட்டார்கள். லெவின்சன் குழு அதற்கு எதிர்ச் சோதனைகளோடு பதில் எழுதியது. பிற்பாடு மெக்சிகோவின் செல்ட்டால் மக்களிடம் நடந்த சோதனைகளில், திசையை வைத்தே பேசும் அவர்களும் தேவை வந்தால் இடவலக் கணக்கை நன்றாகவே போட முடிகிறது என்று தெரிந்தது. இந்தச் சண்டை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது நம் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. பண்பாடு ஒருவரால் நினைக்க முடியாத ஒன்றை உண்டாக்குவதில்லை. யோசிக்க நேரமில்லாதபோது முதலில் எது வருமோ, அதை அது தீர்மானிக்கிறது. வாழ்க்கையில் நாம் செய்யும் பெரும்பாலான காரியங்கள் யோசிக்க நேரமில்லாமல் செய்பவைதானே?

இன்னொரு முடிவு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. டேனியல் ஹான் என்பவரும் கூட்டாளிகளும் 2006இல் மனிதக் குரங்கினங்களிடமும் நான்கு வயது ஜெர்மானியக் குழந்தைகளிடமும் ஒளித்துவைத்த பொருளைத் தேடும் சோதனையை நடத்தினார்கள். சிம்பன்சியும் கொரில்லாவும் ஒராங்குட்டானும் அந்தக் குழந்தைகளும் தங்கள் உடம்பின் இடவலத்தை நம்பாமல் சுற்றுப்புறத்தை வைத்தே தேடினார்கள். எட்டு வயதுக்குள் ஐரோப்பியக் குழந்தைகள் இடவலத்துக்கு மாறிவிடுகிறார்கள். நமீபியாவில் திசையை வைத்துப் பேசும் ஹைகோம் மக்களின் குழந்தைகள் மாறுவதில்லை. படித்த நகரத்து மனிதர்கள் “இயற்கையான பார்வை” என்று நினைக்கும் இடமும் வலமும்தான் கற்றுக்கொண்ட பழக்கம். திசையறிவு நாம் இழந்தது.

அடுத்தது நடத்தை. மன உறுதி பிறவிக்குணம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது, 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷல் தொடங்கிய சோதனை. குழந்தையின் முன் ஒரு மிட்டாயை வைத்துவிட்டு, “நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டாகக் கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பது குழந்தையின் தன்னடக்கத்துக்கு அளவு.

இதே சோதனையை பெட்டினா லாம் தலைமையிலான குழு கேமரூன் நாட்டின் என்சோ விவசாயக் குடும்பங்களின் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்டது. ஜெர்மானியக் குழந்தைகளில் பத்துக்கு மூன்று பேர்தான் காத்திருந்தார்கள். என்சோ பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேர் காத்திருந்தார்கள். ஜெர்மானியக் குழந்தைகள் நெளிந்தார்கள், பாடினார்கள், எழுந்து நடந்தார்கள். என்சோ பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தூங்கியே போனார்கள். அங்கே தாய்மார்கள் குழந்தை அழும்வரை விடுவதில்லை, அதற்கு முன்பே பசியைக் கவனித்துவிடுகிறார்கள். வளர்ந்த பிள்ளை பெரியவர் முன் ஆசையையும் அழுகையையும் அடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஜெர்மனியில் குழந்தை தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லப் பழக வேண்டும் என்று நினைக்கிறார்கள். இரண்டுமே அன்பான வளர்ப்புதான்.

அப்படியானால் “ஆப்பிரிக்கப் பண்பாட்டில் தன்னடக்கம் அதிகம்” என்று எழுதிவிடலாமா? கூடாது. 2022இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரு குழு மிட்டாயோடு இன்னொன்றையும் சேர்த்துச் சோதித்தது: காகிதம் சுற்றிய பரிசுப் பெட்டி. மிட்டாய்க்கு முன்னால் ஜப்பானியக் குழந்தைகள் கடைசிவரை, 15 நிமிடம்வரை, காத்திருந்தார்கள். அமெரிக்கக் குழந்தைகளில் பாதிப்பேர் 4 நிமிடம்கூடத் தாங்கவில்லை. பரிசுப் பெட்டியை வைத்தபோது கதை தலைகீழானது. அமெரிக்கக் குழந்தைகள் பொறுமையாக இருந்தார்கள், ஜப்பானியக் குழந்தைகள் சில நிமிடங்களில் பிரித்துவிட்டார்கள். ஜப்பானில் எல்லோருக்கும் பரிமாறி, கைகூப்பிச் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகே வாயில் வைப்பார்கள். வீட்டிலும் பள்ளியிலும் அது தினசரிப் பழக்கம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பரிசு நாள்கணக்கில் பிரிக்கப்படாமல் கிடக்கும். பிறந்தநாள் பரிசும் நேரம் வரும்வரை திறக்கப்படாது. நம் பந்தியில் எல்லா இலைக்கும் பரிமாறும்வரை கைவைக்காமல், பக்கத்து இலைக்காரர் முடிக்கும்வரை எழாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் யாராவது இதை நடத்திப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இந்தச் சோதனையை நான் விடாமல் வகுப்பில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “கிழக்கத்திய மனம் கூட்டு மனம், மேற்கத்திய மனம் தனி மனம்” என்று இரண்டு பெட்டிக்குள் உலகை அடைத்துவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதைப் பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு, தாழ்வாகச் சொல்பவர்களும் உண்டு. எவ்வளவு காத்திருக்கிறார்கள் என்பதை நாட்டைக் கேட்டுச் சொல்ல முடியவில்லை. எதற்காகக் காத்திருக்கப் பழகினார்கள் என்று கேட்டால்தான் சொல்ல முடிகிறது. இன்னொன்று: உளவியல் புத்தகங்கள் “மனிதர்” என்று எழுதும்போது யாரைச் சொல்கின்றன என்று பாருங்கள். முன்னணி ஆய்விதழ்களில் சோதிக்கப்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடு மட்டுமே உள்ள மேற்கத்திய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஜோசப் ஹென்ரிக்கும் இரு கூட்டாளிகளும் 2010இல் சுட்டிக்காட்டினார்கள். அந்தப் புத்தகங்களை வைத்துத்தான் நம் பிள்ளைகளையும் நாம் அளக்கிறோம். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

வெளியே வர முடியுமா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகம் இருப்பதால் உலகத்தின் எல்லா நாட்டுத் தூதரக அதிகாரிகளும் அங்கே ஒரே தெருக்களில் கார் நிறுத்துகிறார்கள். 2002 இறுதிவரை அவர்களிடம் அபராதத்தைக் கட்டாயமாக வசூலிக்க முடியாது. சட்டத்தின் பயம் அறவே இல்லாதபோது யார் என்ன செய்கிறார்கள் என்று ரேமண்ட் ஃபிஸ்மனும் எட்வர்ட் மிகெலும் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். குவைத் அதிகாரிகள் ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 240க்கும் மேற்பட்ட கட்டாத அபராதச் சீட்டுகளைச் சேர்த்திருந்தார்கள். சுவீடன், நார்வே, ஜப்பான் அதிகாரிகளிடம் ஒன்றுகூட இல்லை. ஊழல் மிகுந்த நாடு என்று மதிப்பிடப்பட்ட நாடுகளின் அதிகாரிகளிடம் பொதுவாகச் சீட்டுகள் அதிகம். ஊரின் வழக்கம் விமானம் ஏறி வந்திருக்கிறது. ஆனால் அபராதம் கட்டாத கார்களின் தூதரக நம்பர் பலகையைப் பறிக்கும் அதிகாரம் நகரத்துக்குக் கிடைத்ததும் மீறல்கள் 98 விழுக்காடு குறைந்துவிட்டன. அதே ஆட்கள், அதே வளர்ப்பு. தெருவில் விதி மாறியது, நடத்தை மாறியது. அவர்களுடைய உள்மனம் மாறியதா என்பது வேறு கேள்வி; அதற்குத் தலைமுறை ஆகலாம்.

நம்மைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான ஆய்வு ஒன்று உண்டு. கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களிடம் நடத்தியது. முடிவுகள் 2000களில் வெளிவந்தன. ஆறு ஆறு பேராக உட்கார வைத்தார்கள். மூன்று பேர் மேல்சாதி, மூன்று பேர் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதி. காகிதத்தில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளைத் தீர்க்க வேண்டும். தீர்ப்பதற்கு ஏற்பப் பணம் உண்டு. சில குழுக்களில் சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அங்கே இரு தரப்புப் பையன்களும் ஒரே அளவுக்குத் தீர்த்தார்கள். வேறு சில குழுக்களில், தொடங்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னிலும் உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான். தாழ்த்தப்பட்ட பையன்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதே மூளை, அதே பென்சில், அதே பணம். ஒரு நிமிடத்துக்கும் குறைவான அறிவிப்பு ஒரு சிறுவனுடைய கையின் வேகத்தைக் குறைத்திருக்கிறது. பண்பாடு எவ்வளவு ஆழம் போகிறது என்று யாராவது கேட்டால் நான் காட்டும் இடம் இதுதான். இதைப் படித்துவிட்டு அந்தப் பையன்களுக்குத் “தன்னம்பிக்கை” வகுப்பு நடத்தலாம் என்று சிலர் சொல்வதுண்டு. குறை அவர்களுக்குள் இல்லை. அறிவிப்பை நிறுத்தினாலே போதும், அவர்கள் சமமாகத் தீர்க்கிறார்கள்.

அறிவிப்பை நிறுத்துவது என்பதை நம் மண் ஒருமுறை செய்து காட்டியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்று தமிழ்நாட்டில் ஒரு வகுப்பறையில் வருகைப் பதிவேட்டைப் படித்தால் அப்பா பெயரின் முதலெழுத்தும் பிள்ளையின் பெயரும்தான் காதில் விழும். வட இந்தியாவிலோ வெளிநாட்டிலோ “உங்கள் குடும்பப் பெயர் என்ன” என்று படிவம் கேட்கும்போது நாம் திணறுவதன் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது. எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நாம் உணர்வதேயில்லை, அது அவ்வளவு பழகிவிட்டது.

சாதி போய்விட்டதா? இல்லை. பெயரில் நின்றுபோன அறிவிப்பு வேறு வழியில் வகுப்பறைக்குத் திரும்பி வந்திருக்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு யார் எந்தச் சாதி என்று வாய் திறக்காமல் சொல்கிறது. பெயரில் இல்லாததைக் கை காட்டுகிறது. கற்பிக்கும் ஆசிரியரின் கண், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் கண், எல்லாவற்றுக்கும் மேலாகக் கயிறு கட்டிய பிள்ளையின் கண் அதைப் பார்த்துக்கொண்டே ஆண்டு முழுதும் கணக்குப் போடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்களும் இருந்தார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றைத் தடை செய்ய வேண்டும், பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்க வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. கயிற்றைப் பற்றிய விவாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அதிகம் பேசப்படாத வேறொரு பரிந்துரை: மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்பது.

கேட்பதற்கு நிர்வாக விஷயம்போல இருக்கும். ஆனால் யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பது பிள்ளை வாழ்க்கையின் மிகப் பெரிய தினசரிக் காரியம். யாருடைய பேனாவை இரவல் வாங்குகிறான், யாருடைய டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறான், யாருடைய நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்பதெல்லாம் அந்த ஒரு பெஞ்சில் முடிவாகிறது. பிள்ளைகளை அவர்கள் போக்கில் உட்கார விட்டால் தெருவின் வரிசை வகுப்பறைக்குள் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். நீதிபோதனை வகுப்புக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இந்த உட்காரும் வரிசையைக் கண்காணிக்க ஒதுக்கினால் அதிகப் பலன் இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் ஆசிரியராகவோ பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோராகவோ இருந்தால், அரசாணைக்குக் காத்திருக்காமல் வருகிற திங்கட்கிழமையே இதைத் தொடங்கிவிட முடியும்.